கறுத்த தோலைப் பார்த்துப் பழத்தைக் கொட்டாதீர்கள்



சம்பளம் போட்ட வாரத்தில் பாசார் மாலாமுக்குப் போய் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வருகிறோம். முதல் நாள் பிள்ளைகள் ஆளுக்கொன்று தின்கிறார்கள். இரண்டாம் நாள் யாரும் தொடுவதில்லை. நான்காம் நாள் விடியற்காலை, பிரட்டுக்கு ஓடும் அவசரத்தில் அடுப்படியைப் பார்த்தால், தோல் கறுத்து, ஈ மொய்த்துக் கிடக்கிறது. "ஐயோ, கறுத்துப்போச்சே! தூக்கிப் போடு!" என்று குப்பையில் போட்டுவிட்டுப் போகிறோம்.

அன்று மாலை என்ன நடக்கிறது? பிள்ளை பசி என்கிறது. கடையில் இனிப்பு ரொட்டியும் கலர் தண்ணீரும் வாங்கிக் கொடுக்கிறோம். நாமும் சீனிப்பால் கலந்த தேத்தண்ணீர் குடிக்கிறோம். காலையில் காசு கொடுத்து வாங்கிய இனிப்பைக் கொட்டினோம். மாலையில் காசு கொடுத்து வேறு இனிப்பை வாங்கினோம். கொட்டியதில் சத்து இருந்தது. வாங்கியதில் இருப்பது பெரும்பாலும் சீனியும் மாவும்தான்.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு ஒரு சீப்புப் பழம் சின்னக் காசு அல்ல. ஆனால் இது காசுக் கணக்கு மட்டுமல்ல, உடம்புக் கணக்கும்கூட. 2019ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 100க்கு 18 பேருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிந்தது. இனங்களில் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். கால் விரல் எடுத்தவர், கண் மங்கியவர், வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறவர் என்று ஒருவராவது இல்லாத நம் குடும்பங்கள் குறைவு. ஆகவே கனிந்த பழத்தைச் சமையலில் பயன்படுத்துவது எப்படி, அதில் எது ஆகும், எது ஆகாது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

பழம் கனியும்போது என்ன நடக்கிறது?

வாழைக்காயை அவித்துத் தின்றால் இனிக்காது. அதே காய் பழுத்தால் இனிக்கிறது. யாரும் சீனி போடவில்லையே, இனிப்பு எங்கிருந்து வந்தது? காயின் சதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மாவுச்சத்து. பழுக்கப் பழுக்க அந்த மாவுச்சத்துதான் சர்க்கரையாக மாறுகிறது. தோலில் கரும்புள்ளி விழுந்து நன்றாகக் கனிந்த பழத்தில் மாவுச்சத்து மிகக் கொஞ்சம்தான் மிஞ்சும்.

பழுக்கும் பழம் எத்திலீன் என்ற ஒருவகை வாயுவை வெளிவிடும். அந்த வாயு பக்கத்தில் இருக்கும் மற்றப் பழங்களையும் சீக்கிரம் பழுக்க வைக்கும். காயைப் பழத்தோடு சேர்த்துப் பைக்குள் கட்டி வைத்தால் சட்டென்று பழுக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

தோல் கறுத்துவிட்டால் சத்தெல்லாம் போய்விட்டதா? இல்லை. வைட்டமின் சி நாளாக நாளாகக் கொஞ்சம் குறையும். நார்ச்சத்தும் பொட்டாசியம் என்ற உப்புச்சத்தும் பழத்திலேயே இருக்கும். கனிந்த பழத்தில் இனிப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே அதைக் கொண்டு பலகாரம் செய்யும்போது சீனி டின்னைத் திறக்க வேண்டியதில்லை. இந்தப் பாடத்தின் சாரமே அதுதான்.

கனிந்தது எது, கெட்டது எது?

சிக்கனம் என்று சொல்லிக்கொண்டு கெட்டதைத் தின்று வயிற்றுப்போக்கில் படுத்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். ஆகவே முதலில் வித்தியாசம் தெரிய வேண்டும். கண், மூக்கு, விரல் இந்த மூன்றும் போதும். நாக்கில் வைத்துச் சோதிக்க வேண்டாம்.

சமையலுக்கு ஆகும் பழம்: தோல் கறுத்திருக்கும், புள்ளி விழுந்திருக்கும், தொட்டால் கொழகொழ என்று அமுங்கும். உரித்தால் சதை வெளிர் மஞ்சளாகவோ இலேசான பழுப்பாகவோ இருக்கும். பழ வாசனைதான் வீசும். அடிபட்ட இடம் சின்னதாக இருந்தால் அதைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு மீதியை உபயோகிக்கலாம்.

குப்பைக்குப் போக வேண்டிய பழம்: கள் வாடையோ புளித்த வாடையோ அடிக்கும். தண்ணீர் ஒழுகும், நுரை தள்ளும், பிசுபிசு என்று நூல் விடும். புழு இருக்கும். வெள்ளை, பச்சை, கறுப்பு நிறத்தில் பஞ்சுபோல் பூஞ்சணம் பூத்திருக்கும்.

பூஞ்சணத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். "பூத்த இடத்தை மட்டும் வெட்டிப் போட்டுட்டு மிச்சத்தைச் சாப்பிடலாமே?" என்று சிலர் கேட்பார்கள். மெத்தென்ற பழத்தில் அது கூடாது. மேலே பஞ்சுபோல் தெரிவது கொஞ்சம்தான்; அதன் நூல்கள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். சில பூஞ்சணங்கள் நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சில் சில வகை கொதிக்க வைத்தாலும் போகாது. எனவே பூஞ்சணம் பூத்த மெத்தென்ற பழத்தை முழுவதுமாக எறிந்துவிடுங்கள். மூக்கருகே வைத்து மோந்து பார்க்கவும் வேண்டாம்.

மரத்தடியில் கிடக்கும் பழம்

தோட்டத்தில் வாழும் நமக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு.

ஒன்று, வௌவாலும் அணிலும் கடித்த பழம். "ஒரு பக்கம்தானே கடிச்சிருக்கு" என்று மறுபக்கத்தை வெட்டித் தின்னும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 1998 செப்டம்பரில் பேராக்கில் தொடங்கி, பிறகு நெகிரி செம்பிலானுக்கும் பரவிய நிப்பா காய்ச்சலை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம் நாட்டில் 265 பேருக்கு அந்த நோய் கண்டது, 105 பேர் மாண்டார்கள். அந்தக் கிருமி பழந்தின்னி வௌவாலிடம் இருப்பது. பன்றிக் கொட்டகைகளை ஒட்டிய பழமரங்களில் வௌவால் கடித்துப் போட்ட பழங்கள் வழியாகப் பன்றிகளுக்குத் தொற்றி, பன்றிகளிடமிருந்து மனிதர்களுக்கு வந்தது என்பதே ஆராய்ந்தவர்களின் முடிவு. பழம் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் சரி, பல் பட்டிருந்தால் வேண்டாம். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

இரண்டாவது, மருந்து அடித்த இடத்துப் பழம். களைக்கொல்லி தெளித்த வரிசைகளின் ஓரத்தில் விழுந்து கிடக்கும் கொய்யாவையும் பப்பாளியையும் பொறுக்க வேண்டாம். கழுவினாலும் வேகவைத்தாலும் மருந்து முழுவதும் போய்விடும் என்று நம்ப முடியாது. பாராகுவாட் மருந்து நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. அதற்காக மற்ற மருந்துகள் எல்லாம் சாதுவானவை என்று எண்ணக் கூடாது. மருந்து வந்த காலி டின்னிலோ வாளியிலோ பழம் வைப்பதும் கூடவே கூடாது. எத்தனை முறை கழுவினாலும் அது மருந்து டின்தான்.

இனி அடுப்படிக்குப் போவோம்

கீழே சொல்பவை எல்லாம் நம் வீட்டில் இருக்கும் சாமான்களைக் கொண்டே செய்யக்கூடியவை. எதிலும் சீனி இல்லை.

1. வாழைப்பழப் பணியாரம். நன்றாகக் கனிந்த பிசாங் மாஸ் ஆறு, அல்லது பிசாங் பெராங்கான் மூன்று எடுத்துக் கையாலேயே மசியுங்கள். ஒரு குவளை கோதுமை மாவு (பாதிக்குக் கேழ்வரகு மாவு போட்டால் இன்னும் நல்லது), ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு ஏலக்காய் தட்டிப் போட்டுப் பிசையுங்கள். பழத்தின் ஈரமே பெரும்பாலும் போதும். மாவு இறுகினால் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். பத்து நிமிஷம் ஊறட்டும். பணியாரக் கல்லில் குழிக்கு நாலைந்து சொட்டு எண்ணெய் விட்டு, மூடி போட்டு, சிறுதீயில் வேகவையுங்கள். கல் இல்லாத வீட்டில் தோசைக் கல்லில் அடைபோல் தட்டலாம். மலாய்க்காரச் சகோதரிகள் லெம்பெங் பிசாங் என்று செய்வது இதைப் போன்றதுதான். அவர்களுடைய செக்கோடோக் இதே மாவை எண்ணெயில் பொரித்தது. அது எப்போதாவது ஒரு நாள் ருசிக்கு இருக்கட்டும். வாரத்தில் மூன்று நாள் என்றால் கல்லில் சுட்டதே உடம்புக்கு நல்லது.

2. மாம்பழ மோர்க்குழம்பு. கனிந்து உருக்குலைந்த மாம்பழத்தை எல்லாரும் பலகாரத்துக்கு என்றே நினைக்கிறார்கள். அது சோற்றுக்குக் குழம்பாகவும் ஆகும். சதையைப் பிழிந்து, கொட்டையோடு சட்டியில் போட்டு, மஞ்சள், உப்பு, கொஞ்சம் மிளகாய்த்தூள், அரைக் குவளை தண்ணீர் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்து, கடைந்த தயிர் ஒரு குவளை விடுங்கள். இனிக் கொதிக்கக் கூடாது, திரிந்துவிடும். கடுகு, வெந்தயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்தால் குழம்பு தயார். மாதக் கடைசியில் கறிகாய் வாங்கக் காசு தட்டும் நாளில் இந்தக் குழம்பு கை கொடுக்கும்.

3. அன்னாசி ரசம். கனிந்துபோன அன்னாசித் துண்டுகளோடு, வழக்கமாக எறியும் நடுத்தண்டையும் நறுக்கிப் போடுங்கள். பருப்புத் தண்ணீர், ஒரு தக்காளி, தட்டிய மிளகு, சீரகம், பூண்டு சேர்த்துக் கொதிக்க வையுங்கள். புளி பாதியாகக் குறைத்தால் போதும். பச்சையாகத் தின்றால் நாக்கை அரிக்கிறது என்று சொல்லும் பிள்ளைகளும் இந்த ரசத்தைக் குடிப்பார்கள். ஏனென்றால் அரிப்பை உண்டாக்கும் பொருள் கொதியில் செயலிழந்து போகும்.

4. பப்பாளிக் கேழ்வரகுக் கூழ். கேழ்வரகுக் கூழ் காய்ச்சி இறக்கி, சூடு ஆறியதும் கனிந்த பப்பாளியை மசித்துக் கலந்து, இரண்டு கரண்டி தேங்காய்ப்பால் விடுங்கள். பப்பாளியின் செம்மஞ்சள் நிறத்தில்தான் உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் சத்து இருக்கிறது. கொஞ்சம் கொழுப்போடு சேர்த்துச் சாப்பிட்டால் அது உடம்பில் நன்றாகச் சேரும். அதற்காகத்தான் தேங்காய்ப்பால். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பசியாற இதைவிட நல்லது வேறென்ன? "கர்ப்பிணி சாப்பிடலாமா?" என்று கேட்பீர்கள். பால் வடியும் பச்சைக் காயையும் அரைப் பழத்தையும்தான் தவிர்க்க வேண்டும். முழுக்கப் பழுத்ததை அளவோடு சாப்பிடலாம்.

5. பலாக்கொட்டை. சுளை கனிந்து சொதசொதவென்று ஆகிவிட்டாலும் கொட்டை கெடுவதில்லை. கழுவி, உப்புப் போட்டு அரை மணி நேரம் வேகவைத்தால் பிள்ளைகளுக்கு நல்ல தீனி. கருவாட்டோடு குழம்பு வைத்தால் வீட்டில் எல்லாருக்கும் ஒரு வேளைச் சோறு இறங்கும்.

6. தெம்போயாக். டுரியான் பருவத்தில் மிஞ்சிய கனிந்த சுளைகளை மலாய்க்காரர்கள் உப்புப் போட்டுப் புளிக்க வைப்பார்கள். பகாங்கில் தெமெர்லோ பக்கம் பாத்தின் மீனைத் தெம்போயாக் போட்டுச் சமைப்பது பேர்பெற்றது. நல்ல சுளையாகப் பார்த்து எடுத்து, 100 கிராம் சதைக்கு அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து, சுடுநீரில் கழுவிக் காயவைத்த கண்ணாடிப் போத்தலில் அடைத்து மூடுங்கள். நாலைந்து நாளில் புளிப்பேறும். பிறகு ஐஸ்பெட்டியில் வைக்கலாம். "புளித்தது கெட்டது என்றீர்களே?" என்று கேட்கலாம். தானாக, திறந்த இடத்தில், ஈ மொய்த்துப் புளித்தது வேறு. உப்பும் சுத்தமும் பார்த்து நாம் புளிக்க வைத்தது வேறு. இதிலும் பூஞ்சணம் பூத்தால் போத்தலோடு கொட்ட வேண்டியதுதான். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பை நினைத்துக் குறைவாகச் சாப்பிடுங்கள்.

மாம்பழம், அன்னாசி, தயிர், புளி சேர்ந்த எதையும் அலுமினியச் சட்டியிலோ ஈயம் பூசாத பித்தளையிலோ விட்டு வைக்காதீர்கள். மண்சட்டி, எவர்சில்வர், கண்ணாடி இவைதான் நல்லது.

யார் யார் கவனமாக இருக்க வேண்டும்?

இனிப்புநீர் உள்ளவர்கள்: "சீனி போடலைன்னா நான் எவ்வளவு வேணாலும் சாப்பிடலாமே" என்று நினைக்காதீர்கள். பழத்தின் சர்க்கரையும் சர்க்கரைதான். அதிலும் மிகக் கனிந்த பழம் இரத்தத்தில் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும். ஒரு வேளைக்குச் சின்னப் பழம் ஒன்று, அல்லது பணியாரம் இரண்டு என்று நிறுத்திக்கொள்ளுங்கள். அன்று அந்த அளவுக்குச் சோற்றைக் குறையுங்கள். சுகாதார அமைச்சு சுக்கு-சுக்கு-செப்பாரோ என்று சொல்கிறதல்லவா? தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதி காய்கறியும் பழமும். அந்தக் கணக்கு நமக்கும் பொருந்தும்.

ஜூஸ் பிழிந்து குடிப்பது வேறு கதை. நார் சக்கையோடு போய்விடும், சர்க்கரை மட்டும் குவளையில் நிற்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவுப்படி, நாம் சேர்க்கும் சீனியும் ஜூஸின் சர்க்கரையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு தேக்கரண்டிக்குள் இருந்தால் மிக நல்லது. இரண்டு மேசைக்கரண்டி சீனிப்பாலிலேயே நான்கைந்து தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறது என்றால், நம் தேத்தண்ணீர்க் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள்: வாழைப்பழத்தில் பொட்டாசியம் அதிகம். எவ்வளவு சாப்பிடலாம் என்று டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். பெலிம்பிங் என்னும் நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதில் உள்ள நஞ்சு தலைக்கேறி, ஓயாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும். உயிர் போனதும் உண்டு.

கைக்குழந்தைகள்: ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. அதன்பின் மசித்த வாழைப்பழமும் பப்பாளியும் கொடுக்கலாம். அதில் சீனியோ தேனோ உப்போ சேர்க்காதீர்கள். ஒரு வயதுக்கு முன் தேன் ஆபத்து. மசித்ததை உடனே ஊட்டுங்கள். மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள்.

வாங்குவதும் வைப்பதும்

பாசார் முடியும் நேரத்தில் வியாபாரிகள் கனிந்த பழத்தைக் கூறு கட்டி மலிவாகத் தள்ளுவார்கள். வாங்குங்கள், ஆனால் அடியில் இருப்பதைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். அன்றைக்கோ மறுநாளோ சமைக்க முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள்.

பழுத்ததையும் காயையும் ஒன்றாகக் குவிக்காதீர்கள். வாழைச் சீப்பைக் கட்டித் தொங்கவிட்டால் அடிபடாது. பழுத்த வாழைப்பழத்தை ஐஸ்பெட்டியில் வைத்தால் தோல் சீக்கிரம் கறுக்கும், உள்ளே ஒன்றும் ஆகாது. சமைக்க நேரமில்லையா? உரித்து, துண்டு போட்டு, மூடிய டப்பாவில் ஐஸ்கட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். உறைந்த துண்டுகள் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் மாதிரி. கொஞ்சம் இளகவிட்டுப் பணியாரத்துக்கும் பிசையலாம்.

வெட்டுமுன் பழத்தைக் கழுவுங்கள். பச்சைக் கோழி, மீன் வெட்டிய கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் பழத்துக்கு எடுக்காதீர்கள். நம் ஊர் உஷ்ணத்தில் வெட்டிய பழமும் செய்த பலகாரமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது.

உண்மையாகவே கெட்டதை வீட்டுப் பின்புறம் திறந்து போட்டால் ஈயும் எலியும் வரும். வாழை மரத்தடியில் குழி வெட்டி மண் போட்டு மூடுங்கள். அடுத்த குலைக்கு அது எருவாகும்.

கிளை மாதர் பகுதிக் கூட்டத்தில் பேசிப் பார்க்க

1. தோல் முழுவதும் கறுத்த ஒரு வாழைப்பழம், காம்பில் வெள்ளைப் பஞ்சு பூத்த ஒரு வாழைப்பழம். எது சமையலுக்கு, எது குழிக்கு? ஏன்?

2. போன மாதம் நம் வீட்டில் என்னென்ன பழம் கொட்டினோம்? அதற்குக் கொடுத்த காசு எவ்வளவு?

3. வீட்டில் இனிப்புநீர் உள்ள பெரியவருக்குப் பணியாரம் எத்தனை வைப்பீர்கள்? அன்று அவர் தட்டில் எதைக் குறைப்பீர்கள்?

4. மரத்தடியில் பிள்ளை பொறுக்கி வந்த மாம்பழத்தில் என்னென்ன பார்ப்பீர்கள்?

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு சீப்புக் கனிந்த பழம் கொண்டு வாருங்கள். பணியாரக் கல் ஒன்று போதும். சுட்டுத் தின்றுகொண்டே பேசலாம். சீனி டின்னை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.